விராலின் பிடரி

'களுக்' என்று ஒரு சத்தம். நிறைகுடத்தின் வாயில் உள்ளங்கையை அழுத்தி எடுத்தால் வருமே, அது போன்றது; ஆனால் அதைவிட மெல்லியது, தண்ணீரே ஒருமுறை வாயைத் திறந்து மூடிக்கொண்டதைப் போன்றது. மார்கழி விடியலில், அல்லித் தழைகளுக்கு நடுவே அந்தச் சத்தம் கேட்டதும் ஏழுமலை அப்படியே நின்றுவிடுவான். இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற அவனுடைய முதுகில் மயிர் சிலிர்த்திருக்கும். மற்றபடி அவனுக்கும் அவனுக்குப் பின்னால் இருந்த பட்ட வேலமரத்துக்கும் வேறுபாடு தெரியாது. கரையில் உட்கார்ந்திருக்கும் நான் என் மூச்சைக்கூட அடக்கிக்கொள்வேன்.

விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. சில நிமிஷங்களுக்கு ஒருமுறை மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போக வேண்டும். அந்த ஒரு வாய்க் காற்றுக்காக வருகிறபோதுதான் அதைக் குத்தமுடியும். எங்கே வரும் என்று முன்கூட்டி அறிகிறவனுக்கே மீன் கிடைக்கும். ஏழுமலை அதை அறிந்தவன். எழுபதுகளின் பிற்பகுதியில், ஆரணியில் எட்டாம் வகுப்பில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவனுக்குப் பின்னக் கணக்கு வராது. வரைபடத்தில் திசை தெரியாது. எனக்கு எல்லாமே வரும். ஆனால் தேவிகாபுரம் பஸ் போகிற சாலையை ஒட்டிய அந்த ஏரிக்கு வந்துவிட்டால் நான் ஒன்றுமில்லாதவன் ஆகிவிடுவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நான் செய்த காரியத்துக்கு இதைத் தவிர வேறு காரணம் என்னிடம் இல்லை.

அவனுடைய அப்பா கன்னியப்பன் அந்த ஏரிக்கு 'நீர்க்கட்டி'. மழைக்காலத்தில் மதகைத் திறப்பதும் அடைப்பதும், நள்ளிரவானாலும் கரை கசிகிறதா என்று நடந்து பார்ப்பதும், எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைப்பதும் அவர் வேலை. அவருக்கென்று ஒரு காணி நிலம்கூட அந்தத் தண்ணீரில் நனையவில்லை. ஏரியின் மீனை ஆண்டுதோறும் ஏலம் எடுத்தவர் யாராக இருந்தாலும், நீர்க்கட்டி வீட்டுக்கு மட்டும் ஓர் உரிமை விட்டுவைத்திருந்தார்கள்: வலை போடக்கூடாது, தூண்டில் கூடாது, ஆனால் வீட்டுக் குழம்புக்கு ஒரு 'குத்துக்கோல்' ஏரியில் இறங்கலாம். அந்த வீட்டில் கோல் பிடித்தவன் ஏழுமலை. அவர்கள் வீட்டுச் சோற்றுக்குக் காரமல்லாத ஒரு ருசி வருகிறதென்றால் அது அந்தக் கோலின் முனையிலிருந்துதான் வரவேண்டும்.

ஏழு முழ மூங்கில். நுனியில் குடைக்கம்பிகள் மூன்று, கல்லில் தீட்டி, கோழியின் விரல்கள் மாதிரி சற்றே விரித்து வைத்துக் கட்டியவை. முதலில் சணலால் கட்டியிருந்தான். நனைந்து காய்ந்து நனைந்து அது தளர்ந்துவிடும். எங்கள் வீட்டில் மூன்று தறிகள் இருந்தன. அறுந்த பட்டிழைகளைத் திரட்டி ஒரு கூடையில் போட்டுவைப்பார்கள். அதிலிருந்து அரக்கு நிற இழையாக ஒரு கைப்பிடி கொண்டுபோய்க் கொடுத்தேன். முறுக்கி, எச்சில் தொட்டு, நெருக்கமாகச் சுற்றிக் கட்டினான். அதன்பிறகு கம்பி அசையவில்லை. "பட்டுக் கட்டின கோலு. மீனுங்க வரிசயில வந்து நிக்கும் பாரு" என்று சிரித்தான். மூங்கிலின் நுனியில் அந்த அரக்கு நிறம் பளிச்சென்று தெரியும். நான் கொடுத்தது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அவன் எனக்கு எதையும் கற்றுக்கொடுத்ததில்லை. நான் பார்த்தேன், அவ்வளவுதான். பார்த்ததை இன்றைக்கும் எழுத முடியும். தண்ணீருக்குள் காலைத் தூக்கி வைக்கமாட்டான். சேற்றோடு சேர்த்து நகர்த்துவான். வெயில் முதுகில் விழாதபடி நிற்பான், நிழல் முன்னால் போய் மீனை எழுப்பிவிடும் என்பதற்காக. மீன் தெரிகிற இடத்தில் குத்தமாட்டான். அதற்கு இப்பால், தன் பக்கமாக, கொஞ்சம் கீழே குத்துவான். ஆழம் கூடினால் அந்தக் 'கொஞ்ச'மும் கூடும். எவ்வளவு என்று கேட்டால் சொல்லத் தெரியாது, கைக்குத் தெரியும். குத்துகிற இடம் ஒன்றே ஒன்று. தலை எலும்பில் பட்டால் கம்பி வழுக்கும். வயிற்றில் பட்டால் கிழித்துக்கொண்டு ஓடிவிடும். வாலில் பட்டால் பட்டதாகவே அர்த்தமில்லை. செவுள் மூடியின் ஓரம் முடிகிற இடத்துக்கு நேர்மேலே, தலை முடிந்து முதுகு தொடங்குகிற இடம். அவர்கள் அதை 'பொடனி' என்பார்கள். இரண்டு விரல் அகலம்தான். அங்கே நடுக்கம்பி இறங்கினால் முள்ளந்தண்டு அறும். மீன் ஒரு தடவை உடம்பை விறைத்துக்கொள்ளும், பிறகு அடங்கிவிடும். குத்தியதும் தூக்கமாட்டான். கோலைச் சேற்றில் அழுத்திப் பிடித்து, இன்னொரு கையைக் கோலின் வழியே இறக்கி, செவுளுக்குள் கட்டைவிரலைக் கொடுத்து எடுப்பான். எடுக்கும்போது மீன் தூங்குகிற குழந்தையைப் போலத் துவண்டிருக்கும்.

அவன் குத்திய மீன் துடித்து நான் பார்த்ததேயில்லை. "துடிச்சி செத்தது கொழம்புல சேராது" என்பது கன்னியப்பனின் வாக்கு. இன்னொன்றும் சொல்வார்: "கோலு யாருதோ, குத்து அவனுது." கோலை ஒருவன் கவனிக்காமல் விட்டு, வேறு எவன் எடுத்து எதைக் குத்தினாலும் பொறுப்பு கோல்காரனுக்கு. அதனால் ஏழுமலை, வீட்டுக்குக் கொண்டுபோகாத நாட்களில், மதகுக் கற்களுக்கு இடையே ஓர் ஆள் மட்டும் கைவிட்டு எடுக்கக்கூடிய இடுக்கில் கோலைச் செருகி வைப்பான். அந்த இடம் அவனுக்குத் தெரியும், அவனுடைய அப்பாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த ஆண்டு மழை நன்றாகப் பெய்து, கோரையும் அல்லியும் மண்டிய ஓரங்களில் விரால்கள் குஞ்சு பொரித்திருந்தன. பார்க்காதவர்களுக்கு அதை எப்படிச் சொல்வது? தண்ணீர்மேல் ஒரு முறம் அளவுக்குச் செம்பொன் நிறத்தில் ஒரு கூட்டம் கொதிக்கிற மாதிரி அசையும். ஒவ்வொன்றும் அரிசி நீளம்தான். ஆயிரமோ பத்தாயிரமோ, எல்லாம் சேர்ந்து ஒரே உடம்பாகத் திரும்பும், ஒரே உடம்பாக நகரும். அதற்கு நேர்கீழே, இருட்டுக்குள், தாயோ தகப்பனோ நிற்கும். விராலில் இரண்டுமே காவல் இருக்கும். தவளையோ பாம்போ கிட்ட வந்தால் பாய்ந்து விரட்டும். மனிதன் வந்தாலும் ஓடாது. அதனாலேயே அதைக் குத்தக்கூடாது என்பது கட்டுப்பாடு. ஏலக்காரருக்கு அது அடுத்த ஆண்டு மீன். கன்னியப்பனுக்கு வேறு கணக்கு. "ஓடாதத குத்தறது ஒரு குத்தாடா?" என்பார்.

மார்கழி நடுவில் ஏழுமலை தேவிகாபுரத்தில் அத்தை வீட்டுக் கல்யாணத்துக்குப் போனான். இரண்டாம் நாள் விடிகிறபோது நான் மதகுக்குப் போய், இடுக்கில் கைவிட்டு, கோலை எடுத்தேன்.

ஒரு மீன், அவனைப் போலவே பொடனியில், துடிக்காமல்; அவன் வந்ததும் காட்ட வேண்டும்; அவன் அதைத் திருப்பிப் பார்த்து, சரியான இடம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான். ஒரு மணி நேரம் நின்றேன். 'களுக்' சத்தம் கேட்கிற பக்கமெல்லாம் திரும்பினேன். திரும்புவதற்குள் அங்கே வளையம்தான் இருந்தது. கால் மரத்துப்போயிற்று. சலித்துக் கரையேறத் திரும்பியபோது, நான்கு முழத் தூரத்தில் அந்தச் செம்பொன் கூட்டம் மிதந்து வந்தது. அதன் கீழே, என் முழங்கை நீளத்துக்கு, கறுப்பாக ஒரு விரால் மெல்ல மேலெழுந்தது. அது என்னைப் பார்த்தபடி நின்றது. தலை என் பக்கம், வால் அந்தப் பக்கம். ஓடவில்லை.

பொடனியைப் பார்த்தேன். பார்த்த இடத்தில் குத்தினேன்.

கோல் வழியாக என் கைக்கு ஒரு நடுக்கம் வந்தது. அதை இந்தக் கை இன்னும் மறக்கவில்லை. தண்ணீர் கொப்பளித்தது. மீன் முறுக்கிக்கொண்டு இழுத்தது. அழுத்த வேண்டும் என்பது மறந்துபோய்த் தூக்கினேன். ஏதோ பிய்ந்து, கோல் இலேசாகிக் கைக்கு வந்தது. இரண்டு கம்பிகள்தான் இருந்தன. மூன்றாவது கம்பி, கட்டியிருந்த பட்டிழையோடு போயிருந்தது. குஞ்சுகள் வாரி இறைத்த குங்குமம் போல எல்லாத் திசையிலும் சிதறின.

நான் ஓடியிருக்க வேண்டும். ஆனால் கால் வரவில்லை. அதனால் அடுத்து நடந்ததைப் பார்த்தேன். கலங்கிய தண்ணீர் தெளியத் தொடங்கியது. குஞ்சுகள் ஒவ்வொன்றாக, பத்துப் பத்தாக, மீண்டும் கூடின. அவற்றின் கீழே அந்த விரால் திரும்பி வந்து நின்றது. முதுகின் பின்பகுதியில், வயிற்றுக்கு மேலாக, கம்பி சாய்ந்து நின்றது. அதன் நுனியில் அரக்கு நிறப் பட்டிழை தண்ணீரில் ஆடியது. காவலுக்கு வந்துவிட்டது. அது மீண்டும் என்னைப் பார்த்தபடி நின்றது.

கோலை இடுக்கிலேயே செருகிவிட்டு வீட்டுக்குப் போய், மூன்று தறிகளின் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து இட்லி தின்றேன். அடுத்த மூன்று விடியலும் ஏரிக்குப் போனேன். குற்றவுணர்ச்சியால் என்று சொன்னால் அது பொய். அது இன்னும் நிற்கிறதா என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. நின்றது. காயத்தைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு பூத்தது. காற்றுக்கு வருகிறபோது ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தது. ஆனாலும் ஒரு தண்ணீர்ப்பாம்பு நெருங்கியபோது, அந்தக் கம்பியோடேயே அது பாய்ந்து விரட்டியது. கோவிலில் எல்லோரும் கைகூப்பும்போது நானும் கூப்பியிருக்கிறேன். தானாகக் கை கூடியது அன்றைக்குத்தான்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் போனபோது கரையில் ஏலக்காரர் நின்றுகொண்டிருந்தார். எதிரே கன்னியப்பனும், முந்தின இரவு ஊர் திரும்பிய ஏழுமலையும். மதகிலிருந்து எடுத்த கோல் ஏழுமலையின் கையில் இருந்தது. அவன் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பட்டு கட்டிகினு நீந்துது வெராலு. எங்க போவுது, கல்யாணத்துக்கா?" என்றார் ஏலக்காரர். "இந்த ஏரில பட்டு கட்டின கோலு எத்தினி இருக்குது, கன்னியப்பா?"

"ஒன்னுதாங்க."

"கோலு யாருதுடா?"

ஏழுமலை தலையைத் தூக்கினான். முதலில் தண்ணீரைப் பார்த்தான், பிறகு, வேலமரத்தடியில் நின்ற என்னைப் பார்த்தான். கொஞ்ச நேரம்தான்.

"என்னுதுதாங்க."

குத்தியது நான் என்று அவன் சொல்லவில்லை. குத்தியது தான் என்றும் சொல்லவில்லை. கோல் தன்னுடையது என்று மட்டும் சொன்னான். ஏலக்காரர் கையை நீட்டினார், கோலை வாங்கி உடைப்பதற்காக. அவன் கொடுக்கவில்லை.

"ஒரே ஒரு குத்து குத்திட்டுத் தரேங்க. அது நாலு நாளா செத்துகினு இருக்குது."

"குஞ்சுங்க இன்னா ஆவும்? உங்கப்பனா வந்து காவல் காப்பான்?"

"சோடி இருக்குதுங்க. கோரைக்கு அந்தாண்ட மூச்சு வுட்டுது, கேட்டேன்."

ஏலக்காரர் கன்னியப்பனைப் பார்த்தார். பிறகு ஏழுமலையிடம், "போ, குத்து. அதையும்தான் பாக்கலாம்" என்றார்.

ஏழுமலை இறங்கினான். நடுவில் ஒரு கம்பி இல்லாத கோல். மிச்சம் இரண்டும் என் இழுப்பில் கோணியிருந்தன. அவற்றை விரலால் நிமிர்த்திக்கொண்டே சேற்றில் காலை நகர்த்திப் போனான். அல்லி ஒன்றுகூட ஆடவில்லை. செம்பொன் கூட்டத்துக்கு மூன்று முழம் இந்தப் பக்கம் நின்றான். கோல் அவன் தோளுக்கு மேலே எழுந்து அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஏலக்காரர்கூடப் பேச்சை மறந்து நின்றார். விரால் சாய்ந்தபடி மேலே வந்தது. 'களுக்.' அந்த ஒரு வாய்க் காற்றை அது முழுதாக விழுங்க விட்டான் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். பிறகு கோல் இறங்கியது. எறிவது போல அல்ல, ஊசி துணியில் இறங்குவதைப் போல. தண்ணீர் தெறிக்கவில்லை. மேலே இருந்த குஞ்சுகள் கலையக்கூட இல்லை; கோலைச் சுற்றி விலகி மறுபடி கூடிக்கொண்டன.

கரையில் அதைக் கிடத்தினான். கன்னியப்பன் குனிந்து பார்த்தார். பொடனியில் இரண்டு சிறு துளைகள், முள்ளந்தண்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒரு சாண் பின்னால் என் கம்பியும், கிழிசலும், வெள்ளைப் பஞ்சும்.

"ஐயா, இத பாருங்க. அத பாருங்க. ரெண்டும் ஒரு கையா?"

"மீனு மேல உம் புள்ள கையெழுத்தாப் போடறான்?" என்று சிரித்தார் ஏலக்காரர். ஆனால் அவரும் குனிந்தார். குனிந்து பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மீனோடு வாழ்கிறவர், அவருக்கும் படிக்கத் தெரிந்தது. "அப்போ இன்னொரு கை யாருது?"

கன்னியப்பன் நிமிர்ந்து ஒருமுறை என்னைப் பார்த்தார். கோபமாக அல்ல. மதகில் தண்ணீர் ஏறுமா என்று பார்ப்பாரே, அப்படி. எனக்கு வாய் இருந்தது. நாலு வார்த்தை போதும். மூன்று தறி வைத்திருக்கிற வீட்டுப் பையனை அங்கே யாரும் அடித்திருக்கமாட்டார்கள். நான் வேலமரத்தின் பட்டையை உரித்துக்கொண்டு நின்றேன்.

ஏழுமலை கோலை நீட்டினான். ஏலக்காரர் அதை முழங்காலில் வைத்து உடைத்தார். அவர் ஏலம் முடிகிறவரை நீர்க்கட்டி வீட்டுக் கோல் தண்ணீரில் இறங்கக்கூடாது என்று ஆயிற்று. அவர் அடுத்த ஆண்டும் ஏலம் எடுத்தார், அதற்கடுத்த ஆண்டும். கன்னியப்பன் அதே ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் மூழ்கி மதகு அடைத்தார். காலில் மீன் உரசியிருக்கும். அன்றைக்கு அந்த விராலைக் கன்னியப்பனும் ஏழுமலையும் வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை. கரையில் ஒரு பனையின் அடியில் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

திங்கட்கிழமை ஏழுமலை வழக்கம்போல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். உடைந்த கோலில் மீந்திருந்த பட்டிழையைச் சின்ன உருண்டையாகச் சுற்றி, என் புத்தகத்தின் மேல் வைத்தான்.

"நீ பாத்த எடத்துல குத்தி இருக்க, சம்பத்து. மீனு அங்க இல்ல."

அவ்வளவுதான் சொன்னான். திட்டியிருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. பத்தாம் வகுப்புக்கு அவன் வரவில்லை; பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனதாகச் சொன்னார்கள்.

நான் படித்தேன். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியனாக முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்தேன். ஒவ்வோர் ஆண்டும் ஒளிவிலகல் பாடம் வரும். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, பென்சிலைச் சாய்த்து வைத்து, அது உடைந்து தெரிவதைக் காட்டுவேன். பொருள் தெரிகிற இடம் வேறு, இருக்கிற இடம் வேறு என்று சொல்லி, கோணத்தின் கணக்கைக் கரும்பலகையில் எழுதுவேன். ஏழுமலையின் கைக்குத் தெரிந்த அந்தக் 'கொஞ்ச'த்துக்கு எண் கொடுக்க எனக்குத் தெரிந்திருந்தது. பிள்ளைகள் உதாரணம் கேட்பார்கள். மீனைச் சொன்னதே இல்லை.

போன ஆண்டு மாசியில் ஆரணி பஸ் நிலையத்தில் ஒருவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "இன்னா சம்பத்து, கண்ணு தெரிலயா?" என்றார். பல் போயிருந்தது, தோள் அப்படியே இருந்தது. ஏழுமலைதான். மகன் வீட்டோடு ஊருக்கே திரும்பிவிட்டாராம். ஷேர் ஆட்டோவில் ஏரிக்குப் போனோம். தண்ணீர் இல்லை. சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. ஓர் ஓரத்தில் மனைக்கல் நட்டிருந்தார்கள். மதகு இருந்த இடத்தில் இரும்புக் கதவும் பூட்டும். நீர்க்கட்டி என்று இப்போது யாரும் இல்லை. விரால் சந்தையில் கிடைக்கிறது. தொட்டியில் வளர்த்தது, உயிரோடு பிளாஸ்டிக் பையில் கட்டித் தருகிறார்கள். அல்லி இல்லை, கோரை இல்லை. அந்தச் செம்பொன் கூட்டத்தை என் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு முழத் தண்ணீர்கூட அங்கே இல்லை. பனைமரம் மட்டும் இருந்தது.

நாங்கள் அதன் அடியில் நின்றோம்.

"குஞ்செல்லாம் பொழச்சிதுடா" என்றார் அவர், நான் எதுவும் கேட்காமலே. "அந்த சோடி உட்டுக்குடுக்கல. தை பொறந்து, குஞ்சுங்க கறுத்து, தனித்தனியா பிரியற வரைக்கும் தெனமும் வந்து பாத்தேன். கோலு இல்ல, சும்மா கைய கட்டிகினு நின்னு பாத்தேன்."

அப்போதுதான் சொன்னேன். "ஏழுமல, அத குத்தனது நான்."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. காய்ந்த ஏரியின் நடுவை, ஒரு காலத்தில் ஆழமாக இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும். நைனாவுக்கும் தெரியும்" என்றார். "நீ வந்து சொல்லுவேன்னு ஒரு மாசம் பாத்துகினு இருந்தாரு. சாயங்காலம் ஆனா மதகு மேல குந்திகினு, ரோட்டப் பாத்துகினு இருப்பாரு. 'படிக்கற புள்ள, வரும்'னுவாரு."

சாலையில் தேவிகாபுரம் பஸ் போயிற்று. நான் அந்த இரும்புக் கதவைப் பார்த்தேன். பழைய மதகுக் கல் ஒன்று அதன் பக்கத்தில் இன்னும் கிடந்தது; ஒருவர் உட்காரும் அளவுக்கு மேற்புறம் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. அங்கிருந்து பார்த்தால் ஊரிலிருந்து வருகிற சாலை முழுவதும் தெரிகிறது.